வெளியே போகுமா? எங்கே வெட்டுப்படும்?
சிக்னல் பெப்டைடுகளை இணையக் கருவிகளால் கணிப்பது பற்றிய சொற்பொழிவு



புரத வரிசைகளில் சிக்னல் பெப்டைடு இருக்கிறதா என்று இணையக் கருவிகளைக் கொண்டு கணிப்பது எப்படி? இதுதான் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. தலைப்பைக் கேட்டவுடனேயே பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்திருக்கும். அதனால் விளக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒரு வரிசையை வாசித்துக் காட்டுகிறேன். பொருள் புரிய வேண்டாம். ஓசையை மட்டும் கேளுங்கள்.

மெத்தியோனின், அலனின், லூசின், டிரிப்டோபேன், மெத்தியோனின், ஆர்ஜினின், லூசின், லூசின், புரோலின், லூசின், லூசின், அலனின், லூசின், லூசின், அலனின், லூசின், டிரிப்டோபேன், கிளைசின், புரோலின், அஸ்பார்டிக் அமிலம், புரோலின், அலனின், அலனின், அலனின்.

எந்தப் பெயர் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது? லூசின்! மொத்தம் 24 அமினோ அமிலங்கள், அவற்றில் 8 லூசின். நடுவில் ஆர்ஜினினுக்குப் பிறகு வரும் 10 இடங்களை மட்டும் எண்ணினால் 7 லூசின். கடைசியில் மூன்று அலனின், அடுத்தடுத்து.

இது எதனுடைய தொடக்கம் தெரியுமா? மனித இன்சுலினுடைய தொடக்கம். நம் கணையத்தில் பீட்டா செல்லுக்குள் இன்சுலின் முதன்முதலாக உருவாகும்போது அது 110 அமினோ அமிலங்கள் கொண்ட நீளமான சங்கிலி. அதன் முதல் 24-ஐத்தான் இப்போது வாசித்தேன். ஆனால் மருந்துக்கடையில் வாங்கும் இன்சுலின் குப்பியில் இந்த 24-இல் ஒன்றுகூட இருக்காது. இரத்தத்தில் ஓடும் இன்சுலினிலும் இருக்காது. அந்த மூன்றாவது அலனினுக்குப் பின்னால் ஒரு நொதி வந்து வெட்டிவிடுகிறது. வெட்டிய பிறகு எஞ்சியது தொடர்ந்து பயணம் செய்கிறது. வெட்டுப்பட்ட 24 சிதைக்கப்பட்டுவிடுகிறது.

செல் இவ்வளவு செலவழித்து 24 அமினோ அமிலங்களைக் கோத்து, பிறகு ஏன் வெட்டி எறிகிறது? அந்த 24 இல்லாவிட்டால் இன்சுலின் செல்லை விட்டு வெளியே வரவே முடியாது. அதற்காகத்தான்! உள்ளே உருவாகும் புரதத்தை வெளியே போகும் பாதையில் ஏற்றிவிடுவது அந்த முன்துண்டின் வேலை. அதற்குப் பெயர்தான் சிக்னல் பெப்டைடு. ஏற்றிவிட்டதும் அதன் வேலை முடிந்தது.

ஆக, எந்தப் புரத வரிசையைப் பார்த்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வெளியே போகுமா? எங்கே வெட்டுப்படும்? இன்றைய பேச்சு முழுக்க இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியேதான் இருக்கும்.

கருவிக்குப் போவதற்கு முன்னால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குந்தர் புளோபெல். 1936-இல் பிறந்த ஜெர்மானியர். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1971-இல் அவரும் டேவிட் சபாட்டினியும் சேர்ந்து ஓர் ஊகத்தை வைத்தார்கள். புரதம் எங்கே போக வேண்டும் என்ற செய்தி அந்தப் புரதத்தின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் அது. அப்போது கையில் ஆதாரம் பெரிதாக இல்லை. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் சீசர் மில்ஸ்டைன் குழுவினர் ஒன்றைக் கண்டார்கள். எதிர்ப்பொருளின் ஒரு சங்கிலியைச் செல்லுக்கு வெளியே சோதனைக் குழாயில் உருவாக்கினால், செல் சுரக்கும் சங்கிலியைவிட அது சற்று நீளமாக வருகிறது! அந்த அதிகப்படியான நீளம் எங்கிருந்து வந்தது?

1975-இல் புளோபெலும் பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனும் செய்த சோதனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எதிர்ப்பொருள் சங்கிலிக்கான தூது ஆர்என்ஏ எலியிலிருந்து வந்தது. புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் முயலிலிருந்து வந்தது. சவ்வு நாயின் கணையத்திலிருந்து வந்தது. எலி, முயல், நாய் மூன்றையும் ஒரே குழாயில் கலந்தார்கள். வேலை நடந்தது! சங்கிலி சவ்வைத் தாண்டி உள்ளே போனது. முன்துண்டு சரியான இடத்தில் வெட்டுப்பட்டது. எலியின் செய்தியை நாயின் சவ்வு புரிந்துகொண்டது என்றால், இது எலிக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்லவே. அதன்பிறகு ஈஸ்டில் பார்த்தார்கள், செடிகளில் பார்த்தார்கள், பாக்டீரியாவில் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் இதே ஏற்பாடு.

1999-இல் புளோபெலுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. போர்க்காலச் சிறுவனாக, அழிவதற்குச் சற்று முன்னால் அவர் பார்த்த டிரெஸ்டன் நகரத்தின் மறுசீரமைப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டார். பாடத்துக்குத் தொடர்பில்லாத செய்திதான். இருந்தாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சரி, எல்லா உயிர்களும் புரிந்துகொள்ளும் செய்தி என்றால், அது எல்லாப் புரதங்களிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? இன்சுலினின் 24-ஐ எடுத்து மற்ற புரதங்களில் தேடினால் போதும் அல்லவா? இங்கேதான் சிக்கல். நம் இரத்தப் பிளாஸ்மாவில் மிக அதிகமாக உள்ள புரதம் அல்புமின். அதன் சிக்னல் பெப்டைடில் 18 அமினோ அமிலங்கள். இன்சுலினின் 24-ஐயும் அல்புமினின் 18-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உறவு சொல்ல முடியாது. எழுத்துக்கு எழுத்து பொருந்தவே பொருந்தாது. ஆனால் இரண்டையும் ஒரே சவ்வு ஏற்றுக்கொள்கிறது.

1987-இல் கிறிஸ் கெய்சர், டேவிட் பாட்ஸ்டைன் குழுவினர் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார்கள். ஈஸ்ட் சுரக்கும் இன்வெர்டேஸ் என்ற நொதியின் சிக்னல் பெப்டைடை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மனித டிஎன்ஏவிலிருந்து ஏதோ கைக்கு வந்த துண்டுகளை ஒட்டினார்கள். தேர்ந்தெடுத்த துண்டுகள் அல்ல, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த துண்டுகள். சுமார் ஐந்தில் ஒரு பங்கு துண்டுகள் ஏதோ ஓரளவுக்கு வேலை செய்தன! இவ்வளவு தாராளமாக இருக்கும் செய்தியை எந்தச் சொல்லை வைத்துத் தேடுவது?

சொல்லை வைத்துத் தேட முடியாது. அமைப்பை வைத்துத்தான் தேட வேண்டும். சிக்னல் பெப்டைடுக்கு மூன்று பகுதிகள் உண்டு. தொடக்கத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட சிறு பகுதி. பெரும்பாலும் லைசின் அல்லது ஆர்ஜினின் அங்கே இருக்கும். இன்சுலினில் ஆறாவது இடத்தில் ஆர்ஜினின் இருந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். அடுத்தது நடுப்பகுதி, தண்ணீரை வெறுக்கும் பகுதி. லூசின் கூட்டமாக நிற்பது அங்கேதான். ஏறக்குறைய 7 முதல் 15 இடங்கள் வரை நீளும். கடைசியில் வெட்டுக்கு முந்தைய பகுதி.

அந்தக் கடைசிப் பகுதியில் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று 1983-இல் சுவீடனைச் சேர்ந்த குன்னார் ஃபான் ஹைனெ காட்டினார். வெட்டு விழும் இடத்துக்கு முன்னால் முதல் இடமும் மூன்றாவது இடமும் முக்கியம். அவற்றை உயிரியலாளர்கள் கழித்தல் 1, கழித்தல் 3 என்பார்கள். அந்த இரண்டு இடங்களிலும் உருவில் சிறிய, மின்னூட்டம் இல்லாத அமினோ அமிலங்களே பெரும்பாலும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அலனின். ஏன் சிறியவை? வெட்டும் நொதியின் பள்ளத்தில் அந்த இரண்டு இடங்களும் போய் உட்கார வேண்டும். பெருத்தவை உட்காரா. இன்சுலினில் 24-ஆவது அலனின், 22-ஆவது அலனின். சொல்லிவைத்தாற்போல!

1986-இல் ஹைனெ இந்த ஒழுங்கை ஓர் எண் அட்டவணையாக்கினார். எந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் வந்தால் எத்தனை மதிப்பெண் என்று கூட்டிக்கொண்டே போகலாம். அதிக மதிப்பெண் விழும் இடம்தான் வெட்டு. தாளும் பென்சிலும் போதும். பிறகு டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்ரிக் நீல்சன், சோரன் புருனாக் முதலியோர் ஹைனெயுடன் சேர்ந்து, நியூரல் நெட்வொர்க் முறையில் சிக்னல்பி என்ற கருவியை உருவாக்கி 1997-இல் அதைப் பற்றி எழுதினார்கள். உலகில் எவரும் இணையத்தில் வரிசையை ஒட்டி விடை பெறலாம் என்ற நிலை வந்தது. இப்போது 2022-இல் வெளியான ஆறாம் பதிப்பு நடக்கிறது. இடையில் நடந்த மாற்றங்களை எல்லாம் சொல்லி உங்களை அறுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆறாம் பதிப்புக்கு அடியில் இருப்பது புரத மொழி மாதிரி. கோடிக்கணக்கான புரத வரிசைகளை முன்னரே படித்து, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்று பழகிய நிரல் அது. மனிதர்களின் உரைகளைப் படித்துப் பழகும் மாதிரிகளைப் பற்றி இன்று எல்லோரும் பேசுகிறோமே, அதே குடும்பம்தான்.

வாருங்கள், கருவியைத் திறப்போம். வரிசையை ஃபாஸ்டா வடிவத்தில் ஒட்ட வேண்டும். முதல் வரியில் பெரிதெனும் குறியும் பெயரும், அடுத்த வரியிலிருந்து ஒற்றை எழுத்துகளில் அமினோ அமிலங்கள். பிறகு உயிரினம் எது என்று கேட்கும். மனிதன், செடி, பூஞ்சை போன்றவை ஒரு பக்கம். பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் மறுபக்கம். இந்தப் பொத்தானை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். மனித வகையைத் தேர்ந்தால் கருவி ஒரே ஒரு வகை சிக்னல் பெப்டைடை மட்டுமே தேடும். பாக்டீரியாவைத் தேர்ந்தால் ஐந்து வகைகளைத் தேடும். ஏனென்றால் பாக்டீரியாவுக்கு வாசல்கள் அதிகம். நீண்டு விரிந்த சங்கிலியாகப் புரதத்தை வெளியேற்றும் செக் பாதை உண்டு. மடிந்து முழு வடிவம் பெற்ற புரதத்தையே வெளியேற்றும் டாட் பாதையும் உண்டு. டாட் பாதையின் சிக்னலில் இரண்டு ஆர்ஜினின் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொழுப்பைப் பூட்டிக்கொண்டு சவ்விலேயே தங்கிவிடும் புரதங்களுக்கு வெட்டும் நொதியே வேறு. அங்கே வெட்டுக்கு அடுத்த இடத்தில் சிஸ்டைன் கட்டாயம். பாக்டீரியப் புரதத்தை ஒட்டிவிட்டு மனித வகையைத் தேர்ந்தால் விடை வராமல் போகாது. விடை வரும், தப்பாக வரக்கூடும். அதுதான் ஆபத்து.

முடிவுப் பக்கத்தில் மூன்று பகுதிகளும் வண்ணக் கோடுகளாகத் தெரியும். வெட்டு விழும் இடமும் அதன் நிகழ்தகவும் தெரியும். இன்சுலினை ஒட்டிப் பாருங்கள். 24-க்கும் 25-க்கும் நடுவே வெட்டு என்று சொல்லும். அதோடு நிற்காதீர்கள். 24-ஆவது அலனினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்தை வைத்து மறுபடியும் ஒட்டுங்கள். எண்கள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். இது நான் கற்பனையாகச் சொல்லும் பயிற்சி அல்ல. இதே மாற்றத்தோடு பிறந்த குழந்தைகள் உண்டு. பிறந்த சில மாதங்களிலேயே அவர்களுக்கு நிரந்தர நீரிழிவு வந்துவிடுகிறது. இன்சுலின் மரபணுவில் இப்படிப்பட்ட மாற்றங்கள் பச்சிளங்குழந்தை நீரிழிவுக்குக் காரணம் என்று 2007-இல் கண்டறிந்தார்கள். 110 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று! அதுவும் வெட்டி எறியப்பட வேண்டிய பகுதியில் உள்ள ஒன்று! கழித்தல் 1-இல் சிறிய, மின்னூட்டமற்ற அலனின் இருக்க வேண்டிய இடத்தில் மின்னூட்டம் கொண்ட ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. வெட்டு கெட்டது. சரியாக மடியாத புரதம் பீட்டா செல்லுக்குள் தேங்கியது. செல் நொந்துபோனது.

இனி மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். கருவி சரியாகச் சொல்லியும் நாம் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்கள்தான் இனி வரப்போகின்றன. என் கணிப்பில், ஆய்வேடுகளில் நடக்கும் பிழைகளில் கருவியின் பிழை குறைவு. ஒட்டியவரின் பிழையே அதிகம்.

முதலாவது, நீங்கள் ஒட்டியது முழு வரிசையா? முதல் மெத்தியோனினிலிருந்து தொடங்குகிறதா? புரதக் கட்டமைப்புத் தரவகத்திலிருந்து இன்சுலினின் படிக அமைப்பை எடுத்தீர்கள் என்றால், அங்கே 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியும் 30 கொண்ட இன்னொரு சங்கிலியும் கிடைக்கும். அவற்றை ஒட்டினால் சிக்னல் பெப்டைடு இல்லை என்றுதான் விடை வரும். எப்படி இருக்கும்? அது ஏற்கெனவே வெட்டுப்பட்டு, வெளியே வந்து, படிகமான பிறகு எடுத்த வரிசை அல்லவா! கேள்விக்குரிய துண்டையே விட்டுவிட்டுக் கேள்வி கேட்டால் கருவி பாவம் என்ன செய்யும்?

இதற்கு எதிரான பிழையும் உண்டு, அது இன்னும் நுட்பமானது. பாக்டீரியாவின் மரபணு எங்கே தொடங்குகிறது என்பதைப் பெரும்பாலும் இன்னொரு நிரல்தான் கணிக்கிறது. ஏடிஜி மட்டுமல்ல, ஜிடிஜியும் அங்கே தொடக்கக் குறியாக இருக்கலாம். தொடக்கத்தை 30 அமினோ அமிலங்கள் முன்தள்ளித் தப்பாகக் குறித்துவிட்டால் என்ன ஆகும்? உண்மையான சிக்னல் பெப்டைடு நடுவில் புதைந்துவிடும். சிக்னல்பி முதல் 70 அமினோ அமிலங்களை மட்டுமே பார்க்கிறது. தொடக்கம் எங்கே என்று அதற்கு நாம்தான் சொல்கிறோம். ஆகவே கருவி இல்லை என்று சொன்னால், உறவுள்ள பாக்டீரியாக்களில் அதே புரதத்தை எடுத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். மற்றவை எல்லாம் ஓரிடத்தில் தொடங்க, உங்களுடையது மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறதா? அடுத்த மெத்தியோனினிலிருந்து வெட்டி மறுபடி ஒட்டிப் பாருங்கள்.

இரண்டாவது. சிக்னல் பெப்டைடு இருக்கிறது என்று கருவி சொன்னது. அப்படியென்றால் புரதம் செல்லை விட்டு வெளியே போய்விடுமா? போகலாம், போகாமலும் இருக்கலாம். சிக்னல் பெப்டைடு பாதையில் ஏற்றிவிடுகிறது, அவ்வளவுதான். நம் செல்களில் பிஐபி என்ற புரதம் இருக்கிறது. மற்ற புரதங்கள் சரியாக மடிவதற்குத் துணை நிற்பது. அதற்கு 18 அமினோ அமிலங்களில் அழகான சிக்னல் பெப்டைடு உண்டு, வெட்டும் ஒழுங்காக விழுகிறது. ஆனால் அது செல்லுக்குள்ளே அந்தப் பாதையின் தொடக்கமான எண்டோபிளாச வலையை விட்டு நகர்வதே இல்லை. ஏன்? அதன் வால்முனையில் லைசின், அஸ்பார்டிக் அமிலம், குளுட்டாமிக் அமிலம், லூசின் என்ற நான்கும் வரிசையாக நிற்கின்றன. அந்த நான்கும் சேர்ந்தால், இங்கேயே இரு என்று பொருள். இதை 1987-இல் மன்ரோவும் பெல்ஹாமும் காட்டினார்கள். தலையை மட்டும் பார்த்தவருக்கு இது வெளியே போகும் புரதம். வாலையும் பார்த்தவருக்கு இது வீட்டோடு இருக்கும் புரதம்.

அதேபோல் சவ்வில் குத்தி நிற்கும் புரதங்கள். அவற்றின் சவ்வுப் பகுதியும் தண்ணீரை வெறுக்கும் பகுதிதான், ஏறக்குறைய 20 இடங்கள் நீளம். சிக்னல் பெப்டைடின் நடுப்பகுதியும் அதே குணம் கொண்டது. பழைய கருவிகள் இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டன. சவ்வுப் பகுதியைத் தேடும் கருவி சிக்னல் பெப்டைடைச் சவ்வு என்றது. சிக்னல் பெப்டைடைத் தேடும் கருவி சவ்வைச் சிக்னல் என்றது. இரண்டையும் சேர்த்தே பார்ப்பதற்காக 2004-இல் ஃபோபியஸ் என்ற கருவி வந்தது. இன்று சிக்னல்பியும் இதில் எவ்வளவோ தேறிவிட்டது. ஆனாலும் சிக்னல் பெப்டைடு உண்டு என்ற விடையோடு எழுந்து போய்விடாமல், பின்னால் சவ்வுப் பகுதி இருக்கிறதா என்று இன்னொரு கருவியிலும் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது பிழைக்கு வருகிறேன். என் கணக்கில் இதுதான் பெரிய பிழை. சிக்னல் பெப்டைடு இல்லை என்று கருவி சொன்னது. ஆகவே புரதம் உள்ளேயே இருக்கும் என்று நாம் முடிவு கட்டினோம். சரியா?

காசநோய்க் கிருமியைப் பாருங்கள். அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் 1998-இல் வெளியிட்டார்கள், சுமார் 4,000 மரபணுக்கள். அந்த 4,000 புரதங்களில் எவை கிருமியிலிருந்து வெளியே வருகின்றன? இந்தக் கேள்வியின் அருமை மருத்துவர்களுக்குத் தெரியும். வெளியே வரும் புரதங்களைத்தான் நம் நோயெதிர்ப்பு மண்டலம் முதலில் பார்க்கிறது. பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் தேவையானவை அவைதான். இப்போது ஒரு மாணவர் இந்த 4,000 வரிசைகளையும் கருவியில் கொடுத்து, சிக்னல் பெப்டைடு இருப்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இல்லாதவற்றைக் குப்பையில் போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பட்டியல் கிடைக்கும். ஆனால் குப்பையில் என்ன போயிருக்கும் தெரியுமா? ஈசாட்-6 போயிருக்கும். சிஎஃப்பி-10 போயிருக்கும்.

இவை என்ன புரதங்கள்? காசநோய்த் தொற்றைக் கண்டறிய இரத்தத்தில் செய்யும் இண்டர்ஃபெரான் காமா சோதனை இருக்கிறதே, அது இந்த இரண்டையும்தான் நம்பி நிற்கிறது. நம் நாட்டில் பயன்பாட்டுக்கு வந்திருக்கும் சை-டிபி தோல் சோதனையும் இவற்றையே நம்பி நிற்கிறது. ஏன் இவை? பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இவற்றின் மரபணுக்கள் இல்லை. ஆகவே தடுப்பூசி போட்டவர் யார், தொற்று உள்ளவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. பழைய டியூபர்குலின் ஊசியால் இதைச் செய்ய முடியாது. இவ்வளவு விலைமதிப்புள்ள இரண்டு புரதங்களுக்கும் சிக்னல் பெப்டைடு கிடையாது. கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டி, அதில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்தபோதுதான் ஈசாட்-6 அகப்பட்டது. அதைப் பிரித்தெடுத்து 1995-இல் எழுதியவர்களும் டென்மார்க்காரர்கள்தான். கருவி பிறந்த அதே ஊர்ப்பக்கம்! பிறகு 2003-இல்தான், இவற்றை வெளியேற்ற அந்தக் கிருமியிடம் தனி வாசலே இருக்கிறது என்று தெளிவானது. அந்த வாசலுக்கு நாம் பேசும் சிக்னல் பெப்டைடு தேவையே இல்லை.

மனிதர்களிடமும் இப்படிப்பட்ட புரதங்கள் உண்டு. காய்ச்சலை மூட்டும் இண்டர்லூக்கின்-1 பீட்டா வெளியே வருகிறது, சிக்னல் பெப்டைடு இல்லாமலே. கருவி அங்கே இல்லை என்று சொன்னது முழுக்க உண்மை. அதிலிருந்து நாம் எடுத்த முடிவுதான் பொய்.

இன்னொரு எச்சரிக்கை. கருவி தந்த விடை சரிதானா என்று பார்க்க மாணவர்கள் யுனிப்ரோட் தரவகத்துக்குப் போகிறார்கள். அங்கேயும் சிக்னல் பெப்டைடு, 1 முதல் 22 வரை என்று போட்டிருக்கிறது. ஆகா, இரண்டும் ஒத்துப்போகிறது என்று மகிழ்ச்சி! கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குறிப்புக்குப் பக்கத்தில் ஆதாரம் என்னவென்று படித்தீர்களா? எவ்வளவோ புரதங்களுக்கு அந்தக் குறிப்பு தானியங்கியாகச் சேர்ந்தது. சேர்த்ததே சிக்னல்பி போன்ற கருவிகள்தான். ஒரே ஆளை இரண்டு முறை சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, இரண்டு சாட்சி இருக்கிறது என்று சொன்னால் எந்த நீதிபதி ஒப்புக்கொள்வார்? சோதனையில் புரதத்தின் முனையை நேரடியாகப் படித்து எழுதிய குறிப்பு வேறு, நிரல் எழுதிய குறிப்பு வேறு. தரவகம் இந்த வேறுபாட்டை மறைக்கவில்லை. நாம்தான் படிப்பதில்லை.

எண்ணிக்கையையும் மறக்காதீர்கள். ஒரு புரதத்தை ஒட்டி, வந்த விடையைப் பார்ப்பது ஒன்று. மனிதனின் சுமார் 20,000 புரதங்களையும் ஒட்டுவது இன்னொன்று. நூற்றுக்கு ஒன்று தப்பும் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 200 தப்பான பெயர்கள் உங்கள் பட்டியலில் வந்து சேரும். நீங்கள் தேடும் வகையே 300 தான் என்றால் அந்த 200 உங்கள் ஆய்வை விழுங்கிவிடும். கட்டுரை எழுதும்போது கருவியின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். நான்காம் பதிப்பில் உண்டு என்று வந்தது ஆறாம் பதிப்பில் இல்லை என்று வரக்கூடும்.

இவ்வளவு எச்சரிக்கை சொல்கிறீர்களே, கருவியால் பயன்தான் என்ன என்று யாராவது கேட்கலாம். பயன் இருக்கிறது. இருப்பதால்தான் இத்தனை நேரம் உங்களை உட்கார வைத்திருக்கிறேன். கருவி சொன்னதை ஆய்வகம் சோதித்துப் பார்த்த நல்ல கதை ஒன்று உண்டு.

கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதத்தில் 1,273 அமினோ அமிலங்கள். அதற்கும் சிக்னல் பெப்டைடு உண்டு, முதல் 13. கழித்தல் 1-இல் நிற்பது செரின், சிறியது, விதிப்படி சரி. கலிஃபோர்னியாவில் பரவிய எப்சிலான் திரிபில் அந்தச் செரின் போய் ஐசோலூசின் வந்தது. ஐசோலூசின் பெருத்தது. இப்போது என் கேள்வி உங்களுக்கு. எங்கே வெட்டுப்படும்? 13-இல் வந்த ஐசோலூசின் நொதியின் பள்ளத்தில் உட்காராது. இரண்டு இடம் தள்ளி, 15-ஆவது சிஸ்டைனுக்குப் பின்னால் வெட்டு விழும் என்று கணிப்புக் கருவி சொன்னது. ஆய்வாளர்கள் அதை அப்படியே நம்பிவிடவில்லை. புரதத்தை உண்மையிலேயே உருவாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் அதன் முனையைப் பார்த்தார்கள். 16-ஆவது வாலினில்தான் தொடங்கியது!

இரண்டு அமினோ அமிலம் தானே, போனால் போகட்டும் என்று விட முடியுமா? வெட்டோடு சேர்ந்து போனது 15-ஆவது சிஸ்டைன். அது 136-ஆவது சிஸ்டைனோடு கைகோத்து முனையைப் பிடித்து நிறுத்தியிருந்தது. துணை இழந்த 136, அதே திரிபில் 152-ஆவது இடத்தில் புதிதாக வந்திருந்த இன்னொரு சிஸ்டைனைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பகுதியின் முகமே மாறிப்போனது. அந்த முகத்தை அடையாளம் கண்டு பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் 10-ஐச் சோதித்தார்கள். பத்தும் தோற்றன. 2021-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. வெட்டி எறியப்படும் துண்டில் ஓர் எழுத்தை மாற்றியும் ஒரு வைரஸ் நம் எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்ப முடிந்தது என்பதை அன்றுதான் பார்த்தோம். கருவி எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று காட்டியது. சோதனை அங்கே போய்ப் பார்த்தது.

தொழில்துறையினர் சிலரும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு சொல். ஈகோலியில் புரதத்தை வெளிப்பக்கம் அனுப்ப பெல்பி சிக்னலையும், ஈஸ்டில் ஆல்ஃபா காரணியின் முன்துண்டையும் ஒட்டுவது உங்களுக்கு வாடிக்கை. சிக்னலை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறொரு புரதத்தின் தலையில் ஒட்டும்போது, ஒட்டு விழும் இடத்துக்குப் பின்னால் வரும் அமினோ அமிலங்களும் வெட்டைப் பாதிக்கும். ஆகவே சிக்னலை மட்டும் தனியாகச் சோதிக்காதீர்கள். ஒட்டிய பிறகு வரும் முழுத் தொடக்கத்தையும் கருவியில் போட்டுப் பாருங்கள். டிஎன்ஏவுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் செய்தால் பணம் மிச்சம். வரிசை இரகசியமானது என்றால் இணையத்தில் ஒட்டாமல், நிரலை உங்கள் கணினியிலேயே இறக்கி ஓட்டுங்கள். அதற்கான உரிம விதிகளைப் படித்துவிட்டு ஓட்டுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தந்துவிட்டு அமர்கிறேன். இரண்டு வரிசைகளை எடுங்கள். ஒன்று கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் உள்ள ஓவல்புமின். சுரக்கப்படும் புரதம், அதில் ஐயமில்லை, முட்டையை உடைத்தால் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் அதன் தொடக்கத்தில் வெட்டு எதுவும் விழுவதில்லை, சிக்னல் புரதத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கருவி அதற்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். இன்னொன்று நம் இரத்த அல்புமின். 18-க்குப் பின்னால் வெட்டு என்று கருவி சொல்லும். ஆனால் இரத்தத்திலிருந்து அல்புமினை எடுத்து முனையைப் படித்தவர்கள், அது 25-ஆவது அமினோ அமிலமான அஸ்பார்டிக் அமிலத்தில் தொடங்குவதைக் கண்டார்கள். 18-க்கும் 25-க்கும் நடுவே இருந்த அந்த ஆறு எங்கே போயின? கருவி தவறியதா, வேறொரு கை வேலை செய்ததா? அந்த ஆறில் கடைசி இரண்டும் ஆர்ஜினின் என்ற ஒரு துப்பை மட்டும் தருகிறேன். விடை கண்டவர்கள் இப்போதே கேள்வி நேரத்தில் எழுந்து சொல்லலாம்.